சாவடி, சத்திரம், காப்பகம்: கூரையில்லாதவர்களுக்கு யார் செலவு செய்தது?

பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களுக்குக் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் பஸ் நிறுத்தங்களாகத்தான் தெரியும். அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம் வரும். சாவடி என்பதற்குக் காவல் இடம், சுங்கம் வாங்கும் இடம் என்றெல்லாம் பொருள் உண்டு. வழிப்போக்கர்கள் ஒதுங்கிப் படுக்கும் பொது இடம் என்பதும் அதன் பழைய பொருள்களில் ஒன்று. சத்திரம் என்றால் படுக்க இடத்தோடு சோறும் சேர்ந்தது. பட்டணத்துக்கு நடந்தும் மாட்டு வண்டியிலும் போன காலத்தில், வழியில் இரவைக் கழிக்க ஓர் ஏற்பாடு இருந்தது என்பதை இந்த ஊர்ப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

அந்த ஏற்பாடு என்ன ஆனது, அதன் இடத்தில் அரசாங்கம் என்ன வைத்தது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக எண்ணம். நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி என்று கணக்குப் புத்தகங்களுக்கு நடுவிலேயே காலம் போயிற்று. ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அதன் அழகு கண்ணில் படும். எனக்கு, "இதன் கரண்ட் பில்லை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள்?" என்றுதான் தோன்றும். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் வீடற்றவர்களின் கதையைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்விதான் உதவுகிறது.

நிலத்தோடு சேர்ந்த சத்திரம்

பழைய காலத்தில் சத்திரம் கட்டிய புண்ணியவான்கள் கட்டிடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்கென்று நஞ்சை, புஞ்சை, தோப்பு என்று எழுதி வைத்தார்கள். நிலத்தின் வரும்படியில்தான் அரிசி, உப்பு, விறகு, சமையற்காரர் சம்பளம், கூரை மாற்றும் செலவு எல்லாம் நடந்தன. கட்டுவது ஒரு முறைச் செலவு, நடத்துவது வருஷா வருஷம் வரும் செலவு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று பிரசித்தம். தம் முன்னோர் நடத்திவந்த சத்திரங்களுக்கான வருமானத்தில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கட்டிடம் போனாலும் மீண்டும் கட்டலாம், வருமானம் போனால் சத்திரம் வெறும் மண்டபம் என்பது அந்த அரசருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை பெரும் தோல்வி அடைந்தது. பட்டணத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள் எரிந்தன. பிழைத்தவர்கள் கோட்டையை நோக்கி ஓடினார்கள். அடுத்து வந்தது பஞ்சம். 1782-இல் பட்டணத்தின் வடக்கே ஒரு கஞ்சித் தொட்டி தொடங்கப்பட்டது. கிராம மணியக்காரர் ஒருவர் பொறுப்பில் நடந்ததால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர் சௌல்ட்ரி'. 1799-இல் அதை ஒட்டி ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் நோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம்தான் பின்னாளில் வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. சத்திரமோ முதியோர் இல்லமாக நீடித்தது. சென்னையில் வீடற்றவர்களுக்காக நடந்த பொது ஏற்பாடுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் ஒன்று இது.

சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் கம்பெனி ஆட்சியில் சர்க்கார் கண்காணிப்புக்கு வந்தது 1817-இல். அந்த ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷன், கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வரும்படி ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கும் பொறுப்பை ரெவின்யூ போர்டிடம் கொடுத்தது. பின்னர் 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-இன் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் என்று வரவர, ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரம் எல்லாம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளின் தலையில் விழுந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பழைய பேரேட்டில் 'சத்திர நிதி' என்று ஒரு தனித் தலைப்பைப் பார்த்தேன். வரவுப் பக்கத்தில் சொற்பக் குத்தகை. செலவுப் பக்கம் வெறுமை. "இது எங்கே இருக்கு?" என்று கேட்டபோது, மேலாளர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ஒன்றியத்தின் பழைய சிமெண்டுக் கிடங்குதான் அந்தச் சத்திரம். ரயில் வந்த பிறகு அந்தச் சாலையில் நடப்பவர்களே இல்லை, அதனால் சத்திரம் கிடங்காயிற்று. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வழிப்போக்கன் போனாலும் வீடில்லாதவன் போய்விடவில்லை. அவன் ரயிலேறிப் பட்டணத்துக்கு வந்து பிளாட்பாரத்தில் படுத்தான்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சர் ராமசாமி முதலியார் சத்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ரயில் வந்த பிறகும் தனியார் தர்மம் தன் பங்கைச் செய்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதுவும் வந்து போகும் பயணிகளை நினைத்துக் கட்டியதுதான். போக இடமே இல்லாதவனுக்கு எதிராக அடுத்து வந்தது ஒரு சட்டம்.

பிடிப்பதற்குப் பணம்

1945-இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பொது இடத்தில் பிச்சை எடுப்பது குற்றம். போலீஸ் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட் இல்லத்துக்கு அனுப்பலாம். இதன் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1601-இலிருந்தே ஏழைகளைப் பராமரிக்க ஒவ்வொரு பாரிஷும் வரி வாங்கியது. 1834-இல் அதை மாற்றி, உதவி வேண்டுமானால் 'ஒர்க் ஹவுஸ்' என்ற உழைப்பு விடுதிக்குள் வா என்றார்கள். வெளியே இருக்கும் கடைசிக் கூலியின் நிலையைவிட உள்ளே இருப்பவன் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இல்லாவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்களாம்! இங்கிலாந்து அந்தப் பழைய ஏழைச் சட்டத்தை 1948-இல் தலைமுழுகிற்று. அதன் வாடை வீசும் சட்டத்தை நாம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கொண்டுவந்திருந்தோம்.

அந்தச் சட்டத்துக்கும் நம் பகுதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் உள்ள மேல்பாக்கத்தில்தான் பிச்சைக்காரர்களுக்கான அரசு இல்லம் அமைந்தது. பட்டணத்துத் தெருவில் பிடிக்கப்பட்டவர்கள் வண்டியில் ஏற்றி நம் பக்கம் கொண்டுவரப்பட்டார்கள். மேல்பாக்கம் என்றாலே பழைய ஆட்களுக்கு அந்த இல்லம்தான் நினைவுக்கு வரும்.

இங்கே நிதிக் கணக்கின் வினோதம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிச்சை எடுத்தவனுக்கு, அவன் பிடிபட்ட பிறகு, அரசு சோறு போடும். மூட்டை தூக்கி, பழைய பேப்பர் பொறுக்கி, சித்தாள் வேலை செய்து உழைத்துச் சாப்பிட்டுவிட்டு நடைபாதையில் படுத்தவனுக்கு ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. அவன் குற்றவாளியும் இல்லை, பயனாளியும் இல்லை. கணக்கில் அவனுக்குத் தலைப்பே இல்லை.

1971-இல் பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்டுத் தெருவில் கிடந்தவர்களுக்குச் செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் போன்ற இடங்களில் அரசு மறுவாழ்வு இல்லங்கள் நடந்தன. அது பெரிய காரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டதும் பெரிய காரியம். 1980-களில் உலக வங்கிக் கடனில் நடந்த மனை வழங்கும் திட்டத்தில்தான் நம் முகப்பேர் உருவாயிற்று. ஏழைகளுக்கென்று சிறு மனைகள் அதில் உண்டு. என் சிநேகிதர் ஒருவர் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார். ஆனால் குடிசை மாற்று வாரியத்துக்குக் குடிசை இருக்க வேண்டும். மனை வாங்க முன்பணமும் மாதத் தவணையும் கட்ட வேண்டும். நடைபாதையில் இருந்தவனிடம் இரண்டும் இல்லை. 1989-90-இல் நடந்த கணக்கெடுப்பில் சென்னை நகர நடைபாதைகளில் மட்டும் சுமார் 9,500 குடும்பங்கள், 40,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

கட்டுவதற்குப் பணம்

1985-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் தொடுத்தது பலருக்குத் தெரியும். சென்னைக் குடிசை, நடைபாதைவாசிகளுக்காக வழக்குத் தொடுத்தவர் கே. சந்துரு. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தாரே, 'ஜெய்பீம்' படத்தில் வரும் வக்கீல் பாத்திரத்துக்கு மூலமானவர், அவரேதான். பம்பாய் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை உண்டு என்று சொல்லவில்லை. நம் வழக்கில், தமிழ்நாடு அரசு எடுத்துவரும் நலத் திட்டங்களைக் குறிப்பிட்டு, இனியும் அப்படியே செய்யும் என்று நம்புவதாகச் சொல்லி முடித்தது.

1987-ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்கா வீடற்றோர் உதவிக்கென மெக்கின்னி சட்டத்தை இயற்றி, மத்திய அரசுப் பணத்தை ஒதுக்கியது. இங்கிலாந்து 1977-லேயே, வீடிழந்த குடும்பங்களுக்கு இடம் தரும் கடமையை நகராட்சிகளின் மீது சட்டமாகவே வைத்துவிட்டது. நம் மத்திய அரசு 1988-89-இல் நடைபாதைவாசிகளுக்கான இரவுத் தங்குமிடத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஹட்கோ மூலம் கட்டிடத்துக்குக் கடனும் மானியமும். தங்குபவர்கள் சிறு கட்டணம் தர வேண்டும்.

1990-களின் நடுவில் நான் தணிக்கைக்குப் போன ஒரு நகராட்சியில் (பெயர் வேண்டாம்) இப்படிப்பட்ட தங்குமிடம் ஒன்று இருந்தது. நல்ல கட்டிடம். மொசைக் தரை, வரிசையாகக் கழிப்பறை. கதவில் பெரிய பூட்டு. திறக்கச் சொன்னேன். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த தெருவிளக்குச் சாதனங்கள், பழைய ஓட்டுப் பெட்டிகள். மேலாளர் நல்ல மனிதர், எதையும் ஒளிக்கவில்லை.

"கட்டடத்துக்கு கிராண்ட் வந்துச்சு சார், கட்டிட்டோம். ராத்திரி பூரா ஒரு வாட்ச்மேன் வேணும், பெருக்க ஒரு ஆள் வேணும், தண்ணி வேணும். அதுக்கு யார் சம்பளம் குடுப்பா? படுக்க வர்றவன்கிட்ட ரெண்டு ரூபா வாங்கி நடத்துன்னா நடக்குமா?"

பயனற்ற செலவினம் என்று தணிக்கைத் தடை எழுதினேன். அடுத்த ஆண்டு போனபோது பதில் வந்திருந்தது: "காவலர் பணியிடத்துக்குக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது." அதற்கடுத்த ஆண்டும் அதே பதில். இலாகாவில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மேலாளர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சத்திரம் கட்டியவர் நிலமும் எழுதி வைத்தார். சர்க்கார் கட்டிடத்தைக் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. நாடு முழுக்கவே அந்தத் திட்டம் எடுபடாமல், 2005-இல் மத்திய அரசு அதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டு ஒதுங்கிக்கொண்டது.

நடத்துவதற்குப் பணம்

மாற்றம் வந்தது ஒரு குளிர்காலத்தில். 2009 டிசம்பரில் டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிக இரவுத் தங்குமிடம் இடிக்கப்பட்டது. அங்கே இருந்தவர்கள் கடுங்குளிரில் தெருவுக்கு வந்தார்கள், உயிர்ப் பலியும் நேர்ந்தது. அப்போது உச்ச நீதிமன்றத்தில் உணவு உரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் இந்த நிலையை நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். 2010-இல் உத்தரவுகள் வரிசையாக வந்தன. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும். அது 24 மணி நேரமும் 365 நாளும் திறந்திருக்க வேண்டும். இரவு முழுக்க மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன் பகலில்தானே தூங்குவான்? அதையும் யோசித்த உத்தரவு அது.

2013 செப்டம்பரில் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, வீடற்றோர் தங்குமிடம் அதில் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இடம். ஆளுக்கு 50 சதுர அடி. உள்ளூர் நிலைமையைப் பொறுத்து ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் வரை. மிக முக்கியமாக, நடத்துவதற்கும் பணம்: 50 பேர் உள்ள காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. இந்த விகிதம் 2015-16 முதல் 60-க்கு 40 ஆயிற்று.

சத்திரத்துக்கு நிலம் எழுதி வைத்ததற்கு நிகரான ஒரு காரியத்தை அரசாங்கம் அப்போதுதான் செய்தது. அதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் பாராட்டிவிட்டு, பென்சிலை எடுத்துக் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000. ஆளுக்கு மாதம் 1,000. நாள் ஒன்றுக்கு 33 ரூபாய்க்கும் குறைவு. 8 மணி நேரத்துக்கு ஒருவர் என மூன்று பராமரிப்பாளர்கள் வேண்டும், மேலே ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆளுக்கு 8,000 ரூபாய் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 32,000 போய்விடும். மீதி 18,000-த்தில் மின்சாரம், தண்ணீர் லாரி, பாய், போர்வை, சோப்பு, பினாயில், அவசரத்துக்கு ஆட்டோச் செலவு எல்லாம் முடிய வேண்டும். சாப்பாடு இதில் வராது. சென்னையில் அதே 2013-இல் அம்மா உணவகம் வந்தது எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கேதான் புரியும். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் கார்ப்பரேஷன் தாங்கும் நஷ்டத்தில் நடப்பவை. அந்த நஷ்டத்தையும் வீடற்றோருக்கான செலவில் ஒரு பகுதி என்றே நான் எழுதுவேன்.

சென்னை மாநகராட்சி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் மூலமாகக் காப்பகங்களை நடத்துகிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று தனித்தனியே. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளோடு வந்து வெளியே காத்துக் கிடப்பவர்களுக்கும் சில உண்டு. வெளியூரிலிருந்து ஜி.எச்.சுக்கு ஆளைக் கூட்டிவந்து மரத்தடியில் இரவைக் கழித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எண்ணப்பட்டவர்களுக்கே பணம்

இப்போது நம் மூன்று ஊர்களின் கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்பத்தூரில் 4,66,205 பேர். ஆவடியில் 3,45,996 பேர். பூந்தமல்லியில் 57,224 பேர். லட்சத்துக்கு ஒன்று என்றால் அம்பத்தூருக்கு நான்கு, ஆவடிக்கு மூன்று. பூந்தமல்லிக்கு? அரையைக் கட்ட முடியாது அல்லவா!

2013-இல் அந்த இயக்கம் ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும்தான் என்று தொடங்கியது. மாநிலம் கேட்டால் விதிவிலக்காகச் சிற்றூர்களைச் சேர்க்கலாம். பூந்தமல்லி லட்சத்தை எட்டவில்லை, மாவட்டத் தலைநகரும் இல்லை. 2016-இல்தான் எல்லா நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் கதவு திறந்தது. அம்பத்தூர் 2011 அக்டோபரிலேயே சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாகிவிட்டதால், அதன் பங்கு சென்னையின் மொத்தக் கணக்கில் கலந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பத்துக் கிலோமீட்டருக்குள் மூன்று ஊர்கள், மூன்று வேறு நிர்வாகங்கள். பாடி மேம்பாலத்தின் அடியில் படுப்பவனும் ஆவடி ஸ்டேஷன் வாசலில் படுப்பவனும் ஒரே எஸ்டேட்டில் ஒரே லோடு வேலையைச் செய்பவர்களாக இருக்கலாம். பட்ஜெட்டில் இருவரும் வேறு வேறு.

மக்கள்தொகையை வைத்துக் காப்பகம் என்பதும் ஓர் உத்தேசக் கணக்குதான். உண்மையில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். 2011 பிப்ரவரி 28 இரவு நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணினார்கள். சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கெங்கே தேட வேண்டும் என்பதைக் குறிப்புகளில் கொடுத்திருந்தார்கள். அந்த இரவில் கிடைத்த எண்ணிக்கை, தமிழ்நாட்டு நகரங்களில் 37,117. சென்னை மாவட்டத்தில் 16,682. அப்போதைய அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், ஆகவே இந்தச் சென்னைக் கணக்கில் அவை இல்லை.

ஒரே இரவில் இவர்களை எண்ணுவது எளிதன்று. கடை ஷட்டர் இறங்கிய பிறகு 11 மணிக்குப் படுத்து, பால் வண்டி வருமுன் 4 மணிக்கு எழுந்துவிடுபவர்கள் பலர். தனியாக இருக்கும் பெண்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத்தான் ஒதுங்குவார்கள். போலீஸ் விரட்டுமோ, மேல்பாக்கத்துக்கு ஏற்றிவிடுவார்களோ என்ற பழைய பயமும் உண்டு. நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சர்க்கார் ஆள் வந்தால் எழுந்து நடந்துவிடுவார்கள். எண்ணப்படாதவனுக்கு ஒதுக்கீடு வராது. 1945-இல் பிடிப்பதற்குச் செலவழித்த பணம், 2011-இல் எண்ணுவதற்கு இடைஞ்சலாக நின்றது என்று சொன்னால் மிகையாகாது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அங்கே நடைமுறையில் இருந்த பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. இல்லாமையைக் குற்றமாக்க முடியாது என்பது அதன் அடிப்படை.

நம் பகுதியிலிருந்தே நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு. மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'பனியன்' அமைப்பைத் தொடங்கினார்கள். ஆலமரம் என்று அர்த்தம். முகப்பேரில் உள்ள அவர்களுடைய 'அடைக்கலம்' இல்லம் நமக்குப் பழக்கமான இடம். பெண்ணைச் சேர்த்து, சிகிச்சை கொடுத்து, முடிந்தால் ஊரைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலை. 2018-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு, மாவட்ட அளவில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கியது. அங்கே பணம் மருத்துவர், செவிலியர், பராமரிப்பாளர் என்று ஆட்களுக்குப் போகிறது. செலவு எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆறாவது ஆண்டில் யார்?

நடத்தும் செலவு ஐந்து ஆண்டுகளுக்கு என்றுதான் 2013 திட்டம் சொன்னது. அந்த இயக்கத்தின் காலமும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. புதிய திட்டங்கள் வரலாம், வரவேண்டும். ஆனால் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பராமரிப்பாளருக்குச் சம்பளம் தள்ளிப் போகும். இரண்டு மாதம் பொறுப்பார், மூன்றாம் மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். பிறகு கதவில் பூட்டு. அதற்கும் பிறகு பிளீச்சிங் பவுடர் மூட்டை. அந்த வரிசையை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

நம் வயதில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இரண்டு காரியம் செய்யலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் தெருவில் ஆதரவில்லாமல் யாரையாவது பார்த்தால் 1913-க்குச் சொல்லலாம். முதியவர் என்றால் 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

இரண்டாவது, பட்ஜெட். உங்கள் நகராட்சியோ மாநகராட்சியோ வரவு செலவுத் திட்டம் போடும் சமயத்தில், பகுதி சபைக் கூட்டத்திலோ கவுன்சிலரைப் பார்க்கும்போதோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊரில் வீடில்லாமல் படுப்பவர்களைக் கடைசியாக எந்த இரவில் எண்ணினீர்கள்? காப்பகத்துக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள்? மத்திய அரசுப் பணம் நின்றால் அடுத்த மாதச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்?

கட்டிடம் எப்போது திறப்பீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு தேதி இருக்கும்.